அப்பாவோட பாஸ்புக்குல ஏழு செவப்பு வட்டம்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊரு அருப்புக்கோட்டை. ராத்திரி பூரா பஸ்ல ஒக்காந்து வந்து எறங்கி அரை டம்ளர் காபி கூட உள்ள போகல, அப்பா பாஸ்புக்க கொண்டுவந்து முன்னாடி போட்டாரு. செவப்பு பேனாவால ஏழு எடத்துல வட்டம் போட்டு வச்சிருக்காரு. "இந்த 149 ரூபா மாசாமாசம் யாருக்குடா போகுது?"

அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவரு கணக்குப் பாக்குறதப் பத்தி ஒரு விஷயம் சொல்லிடுறேன், அப்பதான் மத்தது புரியும். 31 வருஷம் தோள்ல பேக் மாட்டுனவரு. நடுவழில செக்கிங் ஏறிட்டா டிக்கெட் கணக்கு எழுதுற இன்வாய்ஸும் கைல இருக்குற காசும் ஒத்துப்போகணும், போகலன்னா மெமோ. நைட்டு டிப்போல காசு கட்டும்போது ஷார்ட் அடிச்சா சொந்தப் பைல இருந்து போடணும். அப்படி வாழ்ந்த ஆளுகிட்ட "அப்பா, 149 தானே, விடுங்க"ன்னு சொன்னேன் பாருங்க, அது என் தப்பு. அவரு பதிலே சொல்லல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு "ஏழு 149 எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டாரு. 1043.

ஏழு மாசமா எப்படி பாக்காம விட்டாருன்னா, அந்த டைம்ல தான் ரெண்டு கண்ணுலயும் கண்புரை ஆபரேஷன். ஒண்ணு முடிஞ்சு ஆறுறதுக்குள்ள இன்னொண்ணு. பேங்க் பக்கமே போகல. கண்ணு தெளிஞ்ச ஒடனே மொத வேலையா போய் பாஸ்புக் எண்ட்ரி போட்டுட்டு வந்திருக்காரு மனுஷன்.

நான் சென்னைல ஐடி கம்பெனில வேலை பாக்குறவன், அதனால வீட்டுல டெக்னாலஜின்னா நான் தான். போன வாங்கிப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு, ஒரு ஓடிடி ஆப்போட சப்ஸ்கிரிப்ஷன். அக்கா பையன் லீவுக்கு வந்தப்ப கிரிக்கெட் மேட்ச் பாக்கணும்னு "தாத்தா ஒரு ரூபா தான் தாத்தா, ட்ரையல்"னு சொல்லி பின் போட வச்சிருக்கான். அப்பாவும் ஒரு ரூபா தானேன்னு போட்டிருக்காரு. கண்ணுல புரை இருக்கும்போது அந்த ஸ்கிரீன்ல கீழ பொடி எழுத்துல என்ன இருந்துச்சுன்னு அவருக்கு எங்க தெரியும். மேட்ச் முடிஞ்சு பேரன் ஊருக்குப் போன அன்னைக்கே ஆப்ப போன்ல இருந்து அழிச்சும் விட்டாரு. அழிச்சா முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்காரு.

முடியல. இது நெறைய பேருக்குத் தெரியாது, சத்தியமா என் ஆபீஸ்லயே ரெண்டு பேருக்குத் தெரியல. ஆப்ப அன்இன்ஸ்டால் பண்றதும் சப்ஸ்கிரிப்ஷன கேன்சல் பண்றதும் வேற வேற. அன்னைக்கு நீங்க பின் போட்டது ஒரு ரூபாய்க்கு மட்டும் இல்ல, "இவங்க மாசாமாசம் எடுத்துக்கட்டும்"னு பேங்க்குக்கு நீங்க குடுத்த அனுமதிக்கும் சேத்துத் தான். யூபிஐ ஆட்டோபேன்னு பேரு, 2020ல வந்துச்சு. அந்த அனுமதி பேங்க்லயும் யூபிஐலயும் ஒக்காந்திருக்கு, ஆப் போன்ல இருந்தா என்ன இல்லாட்டி என்ன. நிறுத்தணும்னா ஒண்ணு அந்த ஓடிடி அக்கவுண்டுக்குள்ள போய் கேன்சல் பண்ணணும், இல்லன்னா ஜிபேயோ போன்பேயோ நீங்க எதுல பின் போட்டீங்களோ அதுக்குள்ள போய் ஆட்டோபேன்னு தேடி, லிஸ்ட்ல இருக்குறத ரத்து பண்ணணும். ரெண்டாவது வழி தான் எனக்குப் பிடிச்சது, ஏன்னா மொத வழில "போறீங்களா? உங்கள மிஸ் பண்ணுவோம்"னு அஞ்சு ஸ்கிரீன் வரும், அதுல கேன்சல் பட்டன் வெளிறிப்போன கலர்ல ஒரு மூலைல கெடக்கும், இருந்துடுறேன்ங்குற பட்டன் மட்டும் பளபளன்னு நடுவுல நிக்கும்.

இப்ப நீங்க கேப்பீங்க, காசு எடுக்குறதுக்கு முன்னாடி மெசேஜ் வரணுமே. வந்திருக்கு. ரிசர்வ் பேங்க் விதிப்படி ஆட்டோ டெபிட்டுக்கு கொறஞ்சது 24 மணி நேரம் முன்னாடி தகவல் சொல்லணும், 2021 அக்டோபர்ல இருந்து இத கண்டிப்பா நடைமுறைப்படுத்துனாங்க. தேடிப் பாத்தேன், ஏழு மாசத்துக்கும் ஏழு மெசேஜ் இருந்துச்சு. லோன் வேணுமா, நகைக்கடை ஆஃபர், ரம்மி ஆட வாங்கன்னு ஒரு நாளைக்கு இருபது முப்பது வர்ற எடத்துல அதுவும் ஒண்ணா இங்கிலீஷ்ல கெடந்துச்சு. ஆக சட்டப்படி அவங்க சொல்லிட்டாங்க, எங்க அப்பா கேக்கல. இதுல எனக்கு யார் மேல கோவப்படுறதுன்னே தெரியல. சரி, காசாவது திரும்ப வாங்கலாம்னு எறங்குனேன்.

இங்க தான் நான் பண்ண கூத்து. கஸ்டமர் கேர் நம்பர் வேணும்ல, நேரா கூகுள்ல அந்த ஆப் பேரப் போட்டு கஸ்டமர் கேர்னு தேடுனேன். மொதல்ல வந்த நம்பருக்கு கால் பண்ணேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தான் ஒருத்தன், நல்ல தமிழ்ல பேசுனான், சார் சார்னு மரியாதை, "உங்க 1043 ரூபா ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிருச்சு சார், ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புறேன், பின் மட்டும் போட்டீங்கன்னா கிரெடிட் ஆயிரும்". உண்மைய சொல்றேன், நான் போனத வாங்கி அப்பா கிட்ட நீட்டிட்டேன், பின் போடுங்கப்பான்னு. ஸ்பீக்கர்ல தான் பேசிட்டிருந்தேன், அவரும் எல்லாத்தையும் கேட்டுட்டுத் தான் இருந்தாரு.

"பணம் நமக்கு வர்றதுக்கு எதுக்குடா நம்ம பின்னு?"

அவ்வளவு தான் கேட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துருச்சு. ஸ்கிரீன பாத்தா 10,430 ரூபா கேட்டு ரிக்வெஸ்ட் வந்திருக்கு, அதாவது நாம அனுப்புறதுக்கு. 1043க்குப் பின்னாடி ஒரு சைபர் சேத்து விட்டிருக்கான். கட் பண்ணிட்டு ரொம்ப நேரம் பேசாம ஒக்காந்திருந்தேன். அப்பா அத வச்சு ஓட்டவும் இல்ல, "பாசஞ்சர் காசு குடுத்தா நான் டிக்கெட் குடுப்பேன், நான் பாக்கி சில்லறை குடுக்குறதுக்கு அவன் கிட்ட டிக்கெட்டு கேப்பேனா"ன்னு மட்டும் சொன்னாரு. பத்து வருஷமா ஐடில இருந்து எனக்குத் தோணாதது.

யூபிஐல பணம் வாங்குறதுக்கு பின் தேவையே கிடையாது. பணம் தர்றேன்னு சொல்லிட்டு எவனாவது பின் கேட்டாலே, நம்ம பணம் போகப்போகுதுன்னு அர்த்தம். பேலன்ஸ் பாக்கவும் பின் கேக்கும், அது வேற. அப்புறம் கஸ்டமர் கேர் நம்பர கூகுள்ல தேடாதீங்க, அந்த ஆப்புக்குள்ளயே ஹெல்ப்னு இருக்கும், பேங்க்னா கார்டுக்குப் பின்னாடியும் பாஸ்புக்லயும் இருக்கும். ஒருவேளை பணம் போயிருச்சுன்னா அழுதுட்டு ஒக்காராம ஒடனே 1930க்கு அடிங்க. சைபர் கிரைம் நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு சீக்கிரம் எதிராளி அக்கவுண்டுல பணம் முடங்கும், அவன் எடுத்துட்டுப் போயிட்டான்னா கஷ்டம்.

அப்புறம் அந்த ஆப்ப என் போன்ல ஏத்தி, அதுக்குள்ள இருந்தே சாட் பண்ணேன். எதுவோ ரோபோ பேசுச்சு, மூணு நாள் கழிச்சு "எங்கள் கொள்கைப்படி" அப்படின்னு ஆரம்பிச்சு முடியாதுன்னு முடிச்சுட்டாங்க. அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். அவங்க கோர்ட் இல்ல, கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல நின்னு பேசி முடிக்கப் பாப்பாங்க, அவ்வளவு தான். நான் கம்ப்ளைண்ட்ல எழுதுனது ரெண்டே விஷயம். ஏழு மாசத்துல ஒரு நாள் கூட லாகின் ஆகல, ஆப்பே போன்ல இல்ல. ரெண்டாவது, சேரும்போது ஒரு பட்டன், விலகும்போது அஞ்சு ஸ்கிரீன். இந்த ரெண்டாவதுக்கு ஒரு பேரே இருக்கு. 2023 நவம்பர் 30ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்னு சொல்லி 13 தந்திரங்கள தடை பண்ணி வழிகாட்டுதல் போட்டாங்க, அதுல சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்ங்குறது ஒண்ணு. சேர வச்சிட்டு வெளிய போற கதவ ஒளிச்சு வைக்கிறது. அந்த வார்த்தைய அப்படியே எழுதுனேன், ஸ்கிரீன்ஷாட் அஞ்சும் வச்சேன்.

பன்னெண்டு நாள் கழிச்சு 298 ரூபா வந்துச்சு. ரெண்டு மாசக் காசு. மீதி அஞ்சு மாசத்துக்கு இல்லவே இல்லன்னுட்டாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்கே போயிருக்கலாம், 2019 சட்டப்படி நாம குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் பீஸும் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல. ஆனா 745 ரூபாய்க்காக நான் எத்தன தடவ லீவு போட்டு வர்றது, விட்டுட்டேன். அப்பாவுக்கு அதுல வருத்தம் தான். இப்பவும் "பாக்கி 745 நிக்குது"ன்னு டைரில எழுதி வச்சிருக்காரு.

சரி, இந்த 149ஓட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா பாஸ்புக்க கைல எடுத்துட்டோம்ல, மனுஷன் மேல இருந்து ஒவ்வொரு வரியா கேக்க ஆரம்பிச்சுட்டாரு.

மே மாசக் கடைசில 20 ரூபா போயிருக்கு, இது யாரு? அது பிரதமர் பேர்ல இருக்குற விபத்து காப்பீடு, வருஷத்துக்கு 20 ரூபா, விபத்துல உயிர் போனா 2 லட்சம். அம்மா அக்கவுண்டுல இதோட சேத்து 436 வேற போயிருந்துச்சு, அது ஆயுள் காப்பீடு, எப்படிச் செத்தாலும் 2 லட்சம். 2022 வரைக்கும் 12ம் 330மா இருந்தது, அப்புறம் ஏத்திட்டாங்க. அப்பா ரெண்டையும் நிறுத்துன்னு சொன்னாரு. அந்த கோவத்துல எல்லாமே திருட்டா தெரிஞ்சுது அவருக்கு. அப்பதான் அம்மா அடுப்படில இருந்து, "ஏய்யா, அந்த டீக்கடைக்காரரு வீட்டுல என்ன ஆச்சு, மறந்துபோச்சா"ன்னாங்க.

எங்க தெருவுல ஒருத்தரு டீக்கடை வச்சிருந்தாரு, மாரடைப்புல திடீர்னு போயிட்டாரு. வீட்டுல ஒரு காப்பீடும் இல்லன்னு தான் நெனச்சிட்டிருந்தாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு பேங்க் அக்கவுண்ட க்ளோஸ் பண்றதுக்காக அவரு சம்சாரம் பாஸ்புக்க எடுத்துட்டுப் போனப்ப தான் கவுண்டர்ல இருந்த ஒரு பொண்ணு அந்த 436ங்குற வரியப் பாத்துட்டு "அக்கா, இதுக்கு நீங்க கிளைம் பண்ணீங்களா"ன்னு கேட்டிருக்கு. அந்தப் பொண்ணு மட்டும் கவனிக்கலன்னா 2 லட்சம் இருந்ததே தெரிஞ்சிருக்காது. ஆக எல்லா பிடித்தமும் நிறுத்த வேண்டியது இல்ல, இது ரெண்டும் இருக்கட்டும்னு முடிவாச்சு. ஆனா 436க்கு வயசு கணக்கு உண்டு, 50 வயசுக்குள்ள சேந்திருக்கணும், 55 வரைக்கும் தான் ஓடும். அம்மாவுக்கு 54, இன்னும் ஒரு வருஷம் தான். 20 ரூபா திட்டம் 70 வயசு வரைக்கும். ரெண்டுலயும் நாமினி பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கங்க. எங்க அம்மாவோடதுல எங்க பாட்டி பேரு இருந்துச்சு, பாட்டி போய் ஆறு வருஷம் ஆச்சு.

அம்மாவோடது பட்டன் போன், அதுலயும் ஒரு தொல்லை. டாக்டைம் போட்டா ரெண்டு நாள்ல கரையுது. யாராவது அம்மாவுக்கு கால் பண்ணா ஏதோ ஒரு குத்துப்பாட்டு ஓடும், நாங்க எல்லாரும் அம்மாவே வச்சதுன்னு சிரிச்சிட்டிருந்தோம், அம்மாவுக்கு அந்தப் பாட்டு ஓடுறதே தெரியாது, அவங்க போனுக்கு அவங்களே எப்படி கால் பண்ணுவாங்க! அது காசு பிடிக்கிற காலர் ட்யூன் சர்வீஸ். 155223க்கு அடிச்சா என்னென்ன சர்வீஸ் ஓடுதுன்னு சொல்லி நிறுத்திடும். ரெண்டு தடவ சம்மதம் வாங்காம இந்த மாதிரி சர்வீஸ போடக்கூடாதுன்னு ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2013லயே சொல்லியாச்சு. அம்மா எப்ப ரெண்டு தடவ சம்மதிச்சாங்கன்னு கேட்டேன். "ஏதோ போன் வரும், ஒண்ண அமுக்குங்கம்பாங்க, சத்தம் நிக்கட்டும்னு அமுக்குவேன்".

அப்பாவோட பாஸ்புக்ல அடுத்த வரி தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெடிக்கல் ஷாப்ல கண்ணு சொட்டு மருந்துக்கு 850 ரூபா ஸ்கேன் பண்ணிக் குடுத்திருக்காரு, அக்கவுண்டுல போயிருச்சு, கடைக்காரருக்கு வரல. அந்த மனுஷன் நல்லவரு, நாளைக்குக் குடுங்கன்னு மருந்தக் குடுத்துட்டாரு. இது நடந்தது 3ந் தேதி, பணம் திரும்ப வந்தது 12ந் தேதி. அப்பா வந்துருச்சுல்லன்னு பக்கத்துல டிக் போட்டிருந்தாரு. நான் தான் இருங்கப்பான்னேன்.

2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. கடைக்கு யூபிஐல பணம் போய் சேரலன்னா அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்ப வரணும், அதுக்கு மேல ஆகுற ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபா நஷ்டஈடு. ஆளுக்கு ஆள் அனுப்புறதா இருந்தா ஒரே நாள் தான் டைம். ஏடிஎம்ல காசு வராம கணக்குல மட்டும் கழிஞ்சாலும் அதே அஞ்சு நாள், அதே 100. இத கஸ்டமர் கேக்காமலே குடுக்கணும்னு தான் விதி. 8ந் தேதிக்குள்ள வந்திருக்கணும், 12ந் தேதி வந்திருக்கு, நாலு நாள், 400 ரூபா. பேங்க்ல போய் கேட்டா "அதான் பணம் வந்துருச்சே சார்"னு ஒரு மாதிரி பாத்தாங்க. சண்ட போடல. வீட்டுக்கு வந்து மெயில் போட்டேன். தேதி, தொகை, ட்ரான்ஸாக்‌ஷன் நம்பர், அந்த சுற்றறிக்கையோட மாசம் வருஷம், 30 நாளுக்குள்ள பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளர் கிட்ட போவேன்னு ஒரு வரி. மொத்தமே ஏழு வரி தான். ரெண்டு வாரத்துல 400 வந்துருச்சு. வாய்ல கேட்டது காத்தோட போயிரும், எழுதிக் கேட்டா அவங்க ஒரு பதில் எழுதியாகணும்.

அந்த 400ல தான் தீபாவளிக்கு வந்த படத்துக்கு ரெண்டு வாரம் கழிச்சு மதுரைக்குப் போனோம்னு சொல்லணும்னு ஆசை, ஆனா 400 அங்க டிக்கெட்டுக்கே பத்தல. நான் ஆன்லைன்ல புக் பண்ணிட்டிருந்தத அப்பா எட்டிப் பாத்துட்டிருந்தாரு. மொத ஸ்கிரீன்ல ஒரு தொகை, காசு கட்டுற கடைசி ஸ்கிரீன்ல கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு சேத்து வேற தொகை. "டிக்கெட் குடுக்குறதுக்கு தனியா காசா? 31 வருஷம் நான் சும்மாவாடா கிழிச்சுக் குடுத்தேன்?" உள்ள போனா தண்ணி பாட்டில் விலையப் பாத்துட்டு அவரு வாங்கவே இல்ல. வெளிச் சாப்பாட்ட தியேட்டர் தடுக்கலாம், ஆனா நல்ல குடிதண்ணி இலவசமா வைக்கணும்னு 2023 ஜனவரில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. கேட்டேன். அங்க நின்ன பையன் கழிவறைக்குப் பக்கத்துல இருந்த ஃபில்டர கை காட்டுனான். டம்ளர் இல்ல. அப்பா உள்ளங்கைய குவிச்சு குடிச்சிட்டு வாயத் தொடச்சிட்டு வந்துட்டாரு, இண்டர்வெல்லயும் ஒரு தடவ போயிட்டு வந்தாரு. படம் சுமார் தான்.

எங்க வீட்டுக் கணக்குல இப்ப ஓடிடி ஒண்ணே ஒண்ணு, அதுவும் என் கார்டுல, ஆட்டோபே இல்லாம, வேணுங்குற மாசம் மட்டும். என்னக் கேட்டா ஒரு மாசம் ஒண்ணு கட்டி பாக்க வேண்டியத எல்லாம் பாத்துட்டு நிறுத்திட்டு அடுத்த மாசம் இன்னொண்ணுக்குப் போறது தான் சரி, நாலையும் வருஷம் பூரா வச்சிட்டு என்ன பாக்கலாம்னு தேடியே தூங்கிப்போறவங்க தான் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன். அப்பா எப்படியும் யூடியூப்ல பழைய பாட்டு தான் கேப்பாரு. அக்கா பையனுக்கு மட்டும் ஒரு பாடம் எடுத்தேன், ட்ரையல்னு வந்தா பின் போடுறதுக்கு முன்னாடி அந்த ஸ்கிரீன்ல மூணு விஷயம் படிடா, எத்தன நாளைக்கு ஒருக்கா எடுப்பாங்க, அதிகபட்சம் எவ்வளவு, எந்த வருஷம் வரைக்கும். அப்பாவோடத பாத்தப்ப அது இன்னும் பல வருஷத்துக்கு ஓடுற மாதிரி போட்டிருந்துச்சு. ட்ரையல் போட்ட அன்னைக்கே ஆட்டோபேய ரத்து பண்ணிட்டா பெரும்பாலும் ட்ரையல் நாள் முடியுற வரைக்கும் பாக்க முடியும், அந்த ஒரு ரூபா வீணாகாது.

இப்ப அப்பா மாசத்துல மொத திங்கக்கெழமை பாஸ்புக் எண்ட்ரி போடப் போறாரு, தெருவுல இன்னும் ரெண்டு மூணு பேரோடதையும் சேத்து எடுத்துட்டுப் போறாராம், வரும்போது செவப்பு வட்டம் போட்டு வந்துருது. சந்தேகம்னா எனக்கு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புவாரு. போன வாரம் நான் மீட்டிங்ல இருக்கும்போது மூணு தடவ கால். வெளிய வந்து எடுத்தா, "தம்பி, 17 ரூபா 70 காசு போயிருக்கு, இது எவன்?"

பேங்க் எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கு எடுக்குறதுப்பா, 15 ரூபாயும் 18 சதவீதம் ஜிஎஸ்டியும், வேணாம்னா நிறுத்த முடியுமான்னு பேங்க்ல கேக்கலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பேனா மூடிய போடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"வேணாம், இருக்கட்டும். அது வந்தா தானே மத்தவன் எடுக்குறது தெரியும்."